நெல்லைச் சீமையில் சரித்திர நாவல் வாசிப்பு: கூடிப் படித்தோர் வரலாறு

சரித்திர நாவலைத் தனியே வாசித்து மூடி வைப்பவர் குறைவு. படித்த பகுதியை இன்னொருவரிடம் சொல்வதும், அவர் படித்ததைக் கேட்பதும், 'இது உண்மையாக நடந்ததா?' என்று விவாதிப்பதும் அந்த வாசிப்போடு சேர்ந்தே வருபவை. தமிழகத்தில் இந்தப் பழக்கம் வேரூன்றிய இடங்களில் திருநெல்வேலியும் தாமிரபரணிக் கரை ஊர்களும் அடங்கும். கூடிப் படித்தலுக்கு ஒரு முன்மாதிரியை இவ்வட்டாரம் வண்ணார்பேட்டையில் உருவாக்கியது. சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய அறிஞர் பிறந்ததும் இவ்வட்டாரத்தில்தான். கதையை ரசிப்பவரும் அதைச் சான்று கொண்டு சரிபார்ப்பவரும் ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்தனர். இந்த இரு மரபுகளும் சரித்திர நாவல் வாசிப்பில் எவ்வாறு சந்தித்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கேட்டு வளர்ந்த சரித்திரம்

நாவல் என்ற வடிவம் வருவதற்கு முன்பே நெல்லைச் சீமையில் சரித்திரக் கதைகள் பொதுச் சொத்தாக இருந்தன. கோயில் கொடைகளில் இரவு முழுவதும் நடக்கும் வில்லுப்பாட்டும், ஊர்தோறும் பாடப்பட்ட கதைப்பாடல்களும் அவற்றைக் கொண்டு சென்றன. ஐவர் ராசாக்கள் கதை, கான்சாகிபு சண்டை, கட்டபொம்மன் கதை முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அச்சு நூல்கள் அவரைப் பற்றிப் பேசுவதற்கு நெடுங்காலம் முன்பே பாடகர்கள் அவர் கதையை மக்களிடம் சேர்த்துவிட்டனர்.

இந்த வடிவங்களில் கேட்பவர் தனியாள் அல்லர். புலவர் ஒரு வீரனை உயர்த்திப் பாடினால், கூட்டத்தில் இருக்கும் முதியவர் தாம் கேட்ட வேறு வடிவத்தைச் சொல்வார். ஒரே நிகழ்ச்சிக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு கதைகள் உண்டு என்பது கேட்பவர்க்குத் தெரிந்தே இருந்தது. சரித்திரக் கதையைக் கேட்டு மகிழ்வதும் அதை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பிற்காலத்தில் நாவலோடு புதிதாக வந்த பழக்கங்கள் அல்ல என்பதை இது காட்டுகிறது.

முதல் சரித்திர நாவல்கள்

தமிழின் முதல் சரித்திர நாவலாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 'மோகனாங்கி'. இலங்கைத் திருகோணமலையைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத்தைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய இந்நூல் 1895இல் வெளிவந்தது.

நெல்லை மண்ணைக் களமாகக் கொண்ட தொடக்ககால முயற்சி ஒன்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' என்ற தமிழ் நாவலால் அறியப்பட்டவர். அவர் 1915இல் 'கிளாரிந்தா' என்ற ஆங்கில நாவலை வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து, கிறித்தவ சமயத்தைத் தழுவிய மராத்திய பிராமண விதவை ஒருவரின் வாழ்க்கையே இதன் கரு. அவர் 1780களில் கட்டுவித்த சிறு கோயில் பாளையங்கோட்டையில் இன்றும் உள்ளது. மக்கள் அதைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று அழைத்தனர். நாவலைப் படித்தவர் கட்டடத்தையும் பார்க்கலாம். கட்டடத்தைப் பார்த்தவர் நாவலைத் தேடிப் படிக்கலாம். சரித்திர நாவலுக்கும் ஊருக்கும் இடையே இப்படியொரு போக்குவரத்து நெல்லையில் தொடக்கத்திலேயே ஏற்பட்டது.

அக்காலத்தில் நாவல்கள் பெரும்பாலும் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சுற்றியிருந்து கேட்கும் முறையில் வாசிக்கப்பட்டன. படிக்கத் தெரிந்தவர் குறைவு, நூல்களும் குறைவு. மௌன வாசிப்பு மெல்ல மெல்லவே பரவியது. ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற தம் நூலில் இந்த மாற்றத்தை ஆராய்ந்துள்ளார்.

இதே காலத்தில் நெல்லை ஒரு பதிப்பு நகரமாகவும் வளர்ந்தது. தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்டது. பழந்தமிழ் நூல்கள் உள்ளூரிலேயே எளிதில் கிடைக்க அது வழி செய்தது. நாவலில் வரும் பழஞ்சொல்லையோ பாடலையோ மூல நூலில் தேடிப் பார்க்க விரும்பிய வாசகர்க்கு இது பேருதவி.

வட்டத்தொட்டி

கூடிப் படித்தலின் சிறந்த எடுத்துக்காட்டு, ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி. டி.கே.சி. என்று அறியப்பட்ட இவர் (1882–1954) சட்டம் பயின்றவர், சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் அறநிலைய ஆணையராகவும் பணியாற்றியவர். 1920களில் தாமிரபரணிக் கரையில் அமைந்த வண்ணார்பேட்டையில், அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் மாலை நேரங்களில் கூடினர். முற்றம் வட்ட வடிவில் அமைந்ததால் அந்தக் கூட்டமும் வட்டத்தொட்டி என்றே பெயர் பெற்றது. அதற்கு உறுப்பினர் சந்தாவோ தலைவரோ தீர்மானங்களோ கிடையாது.

அங்கு முதன்மையாகப் படிக்கப்பட்டது கம்பராமாயணம். டி.கே.சி. ஒரு பாடலை எடுத்து, சொற்களைப் பொருள் விளங்கப் பிரித்து, நிதானமாகப் படிப்பார். ஒரே பாடலில் நெடுநேரம் தங்குவார். இலக்கண விளக்கத்தை விட, பாடல் கேட்பவர் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதே அவருக்கு முக்கியம். கேட்பவரும் தம் அனுபவத்தைச் சொல்வர். ஒரு நூலைப் பற்றித் தகவல் சொல்வதும், அதை ஒருவரோடு ஒருவர் சேர்ந்து அனுபவிப்பதும் வேறு வேறு என்பதை வட்டத்தொட்டி பலருக்குக் கற்றுக் கொடுத்தது.

தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், அ. சீனிவாச ராகவன், பின்னாளில் நீதிபதியான எஸ். மகராஜன், மீ.ப. சோமு ஆகியோர் டி.கே.சி.யின் வட்டத்தைச் சேர்ந்தவர்களாக அறியப்படுபவர்கள். டி.கே.சி. பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தார். தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு அருவியாக விழும் அவ்வூருக்கு இராஜாஜியும் கல்கியும் வந்து அவரோடு தங்கினர். கூட்டம் இடம் மாறினாலும் படிக்கும் முறை மாறவில்லை.

மாமல்லபுரத்துக் கடற்கரை

டி.கே.சி.யின் நட்பு தமிழ்ச் சரித்திர நாவலுக்கு நேரடியாகவே ஒரு பங்களிப்பைச் செய்தது. கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி) 'சிவகாமியின் சபதம்' நூலின் முன்னுரையில் இதைப் பதிவு செய்துள்ளார். நாவலை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்னர், டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோதுதான் அந்த நாவலின் மாந்தர்கள் அவர் கற்பனையில் முதலில் எழுந்தனர். ஆயனரும் சிவகாமியும் மகேந்திர பல்லவரும் மாமல்லரும் அப்படித் தோன்றியவர்களே.

'கல்கி' வார இதழ் 1941இல் தொடங்கப்பட்டது. 'பார்த்திபன் கனவு' அவ்விதழில் முதலில் வந்த சரித்திரத் தொடர். 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரையும், 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரையும் வெளிவந்தன. அதே இதழில் டி.கே.சி. கம்பரைப் பற்றி எழுதினார். ஆகவே ஒரு நெல்லை வாசகர் ஒரே இதழில் சோழர் கதையையும் கம்பர் கவிதையையும் சேர்த்துப் படிக்க முடிந்தது.

வட்டத்தின் ரசிகர்களில் ஒருவர் இதழின் ஆசிரியர் நாற்காலி வரை சென்றார். திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் பிறந்த மீ.ப. சோமு, 1954 டிசம்பரில் கல்கி மறைந்த பின் சில காலம் 'கல்கி' ஆசிரியராகப் பணியாற்றினார். 'கடல் கண்ட கனவு' என்ற சரித்திர நாவலையும் எழுதினார். கூடிப் படித்தவர்களிடமிருந்து எழுத்தாளர் உருவானதற்கு இவர் ஒரு சான்று.

ஓர் இதழ், பல வாசகர்

தொடர்கதைக் காலத்து வாசிப்பை இன்றைய மாணவர்கள் சற்றுக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' முடிய மூன்றரை ஆண்டுகள் ஆயின. ஒரு வாரத்துக்குக் கிடைப்பது சில பக்கங்கள் மட்டுமே. வந்தியத்தேவன் ஆபத்தில் சிக்கிய இடத்தில் 'தொடரும்' என்று வந்தால், அடுத்த இதழ் வரும் வரை காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து ரயிலில் இதழ்க் கட்டு வந்து சேரும் நாளை வாசகர் கணக்கிட்டு வைத்திருந்தனர்.

ஓர் இதழ் ஒரு வீட்டோடு நின்றதில்லை. வாங்கியவர் படித்து முடித்ததும் அண்டை வீட்டுக்குப் போகும். அங்கிருந்து உறவினர் வீட்டுக்குப் போகும். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை உரக்கப் படித்துக் காட்டும். சலூனிலும் தேநீர்க் கடையிலும் கிடக்கும் இதழைப் பலர் புரட்டுவர். இத்தனை கைகள் மாறிய பின்னும் இதழ் திரும்பி வந்தாக வேண்டும், ஏனெனில் தொடர்கதைப் பக்கங்களைத் தனியே கிழித்தெடுத்துத் தைத்து 'பைண்டு' செய்து வைக்கும் வழக்கம் தமிழகமெங்கும் இருந்தது. அத்தகைய தொகுப்பில் மணியம் வரைந்த ஓவியங்களும், தொடருக்குப் பின்பக்கத்தில் அச்சான விளம்பரங்களும், பாதியில் அறுபட்ட துணுக்குகளும் சேர்ந்தே இருக்கும். இத்தொகுப்புகள் இரவல் போய், அடுத்த தலைமுறையின் முதல் சரித்திர நாவலாகவும் அமைந்தன.

காத்திருக்கும் ஒரு வாரம் வீணாகவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகமும், யார் யார் உண்மை மாந்தர் என்ற வாதமும் அந்த இடைவெளியில்தான் நடந்தன. தொடர் முடிந்தபோது வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதினார். கதை திடீரென முடிந்துவிட்டதே, இன்னின்னார் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் தந்தார். பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை அக்கதையின் தொடர்ச்சியாக எழுதியதும் இந்த ஆவலின் விளைவே.

கல்லிடைக்குறிச்சியின் வரலாற்றறிஞர்

நாவலை வாசித்தவர்கள் 'இது உண்மையா?' என்று கேட்டபோது, பதில் தேடிச் செல்ல வேண்டிய நூலை எழுதியவரும் தாமிரபரணிக் கரையினரே. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1892இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று, பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1929இல் பாண்டியர் வரலாற்றையும், 1930களில் இரண்டு தொகுதிகளாகச் சோழர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வரிசைப்படுத்தி ஆண்டுக் கணக்கை நிறுவிய அடிப்படை நூல்கள் அவை. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தமிழில் எழுதிய பிற்காலச் சோழர் வரலாறும் இவற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. 'பொன்னியின் செல்வன்' எழுந்தது இவர்கள் அமைத்த தளத்தின் மீதுதான்.

இதை விளங்கிக்கொள்ள ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்ளலாம். கதையின் மையமான இந்நிகழ்ச்சிக்குக் கல்வெட்டுச் சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் கிடைத்தது. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் உடைமைகள் பறிமுதலானதைக் கூறுகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் அதில் உள்ளன. ரவிதாசனுக்கு 'பஞ்சவன் பிரமாதிராயன்' என்ற பட்டமும் குறிக்கப்படுகிறது.

கொலை நடந்ததும் கொலையாளிகளின் பெயர்களும் கல்வெட்டில் உள்ளன. ஏன் கொன்றனர், யார் தூண்டினர் என்பது அதில் இல்லை. உத்தம சோழன் ஆட்சியில் கொலையாளிகள் தண்டிக்கப்படாததால் அவருக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர்கள் உடன்படாத அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைப் படைத்தார். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். கதையில் ரவிதாசனும் அவன் கூட்டத்தாரும் வீரபாண்டியனின் சாவுக்குப் பழிவாங்கத் துடிக்கும் பாண்டிய ஆபத்துதவிகளாக வருகின்றனர்.

எனவே இந்நாவலைச் சேர்ந்து படிப்பவர்கள் மாந்தர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்:

1. சான்றுள்ளவர்கள். அருள்மொழிவர்மன், குந்தவை, செம்பியன் மாதேவி, அநிருத்தப் பிரமராயர் ஆகியோர் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இடம்பெறுபவர்கள்.

2. பெயருக்கு மட்டும் சான்றுள்ளவர்கள். வந்தியத்தேவன் குந்தவையின் கணவர் என்பது தஞ்சைக் கல்வெட்டால் தெரிகிறது. அவரது குறும்பும் வீரச் செயல்களும் கல்கியின் கொடை.

3. முழுக் கற்பனை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் இவ்வகையினர்.

இந்தப் பட்டியலைத் தனியே உட்கார்ந்தும் தயாரிக்கலாம். ஆயினும் நால்வர் கூடி, 'இவருக்குச் சான்று எது?' என்று ஒருவரையொருவர் கேட்கும்போதுதான் அது துல்லியமாகிறது. கதையில் மயங்கிய ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார்.

ஆற்றங்கரைக் கல்வெட்டுகள்

சோழர் கதையைப் படிக்கும் நெல்லை வாசகர் சான்றைப் பார்க்கத் தஞ்சைக்குப் போக வேண்டியதில்லை. இராசராசன் பாண்டிநாட்டை வென்ற பின் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு சோழர் ஆட்சிக்குள் வந்தது. அதன் தடங்கள் ஆற்றின் இரு கரையிலும் உள்ளன.

அம்பாசமுத்திரத்தை அடுத்த பிரம்மதேசத்தின் அருகிலுள்ள திருவாலீசுவரம் கோயில் சோழர் கலைக்குப் பெயர் பெற்றது. சோழப் படைப்பிரிவான மூன்றுகை மகாசேனை அக்கோயிலைத் தன் பாதுகாப்பில் ஏற்றதைக் கூறும் கல்வெட்டு அங்குள்ளது. அருகிலுள்ள மன்னார்கோயிலில் இராசேந்திர சோழ விண்ணகரம் உள்ளது. அதைக் கட்டியவர் இராசசிங்கன் என்ற சேர மன்னர். பாண்டிநாட்டில், சேரர் ஒருவர், சோழர் பெயரால் கோயில் எடுத்தார் என்ற ஒரு செய்தியே அன்றைய அரசியலை விளக்கப் போதுமானது. சேரன்மகாதேவி சோழர் காலத்தில் நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம் என வழங்கியது.

ஒரு நாவலை முடித்த நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேருந்தேறி இக்கோயில்களைப் பார்த்து வரலாம். கதையில் ஒரு வரியில் கடந்து சென்ற படைப்பிரிவு இங்கே கல்லில் எழுத்தாக நிற்பதைப் பார்ப்பது, வாசிப்பின் மிகச் சிறந்த தொடர்ச்சி.

பாண்டியர் பக்கக் கதைகள்

'பொன்னியின் செல்வன்' சோழர் பார்வையில் சொல்லப்பட்டது. அதில் பாண்டிய மன்னன் தலை இழந்தவனாகவும், பாண்டியப் பற்றாளர்கள் சதிகாரர்களாகவும் வருகின்றனர். பாண்டிநாட்டு மண்ணில் வாழும் வாசகர் மனத்தில், 'நம் பக்கத்துக் கதை எங்கே?' என்ற கேள்வி எழுவது இயல்பு.

அதற்கு விடையாகப் படிக்கத்தக்க நாவல்கள் உள்ளன. நா. பார்த்தசாரதியின் 'பாண்டிமாதேவி' சோழர் எழுச்சிக் காலத்துத் தென்பாண்டி நாட்டைக் களமாகக் கொண்டது. 'வேங்கையின் மைந்தன்' எழுதி 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அகிலன், 'கயல்விழி'யில் பாண்டியர் மறு எழுச்சியைச் சொன்னார். சாண்டில்யனின் 'ராஜமுத்திரை' தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியிலிருந்த கொற்கைத் துறைமுகத்தையும் அதன் முத்துகளையும் சுற்றிப் பின்னப்பட்டது. இன்று கொற்கை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். நாவலின் கப்பல்களை நினைத்துக்கொண்டு அங்கு செல்பவருக்கு, ஆறு கொண்டுவந்த வண்டல் ஒரு துறைமுகத்தை எப்படி ஊராக்கியது என்ற புவியியல் பாடமும் கிடைக்கும்.

ஒருவர் சோழர் நாவலையும் மற்றவர் பாண்டியர் நாவலையும் படித்துவிட்டுப் பேசும்போது, 'வீரன்' 'துரோகி' என்ற சொற்கள் பக்கம் மாறுவதை இருவரும் உணர்கின்றனர். வரலாற்றைப் பயில்வோர்க்கு இதைவிடத் தேவையான பயிற்சி வேறில்லை.

மறுத்துப் பேசியவர்கள்

நெல்லையின் வாசிப்பு மரபில் ரசிகர்கள் மட்டும் இருக்கவில்லை. மறுத்தவர்களும் இருந்தனர், அவர்களாலும் அம்மரபு வலுப்பெற்றது.

நெல்லையைத் தம் கதைகளில் நிலைநிறுத்திய புதுமைப்பித்தன், தழுவல் எழுத்து குறித்துக் கல்கியைக் கடுமையாக விமரிசித்தவர். வெகுசன இதழ்களின் சுவையே இலக்கியத்தின் அளவுகோல் ஆகிவிடக் கூடாது என்ற தரப்பின் வலுவான குரல் அவர். 1948இல் மறைந்ததால் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்ததை அவர் காணவில்லை.

டி.கே.சி.யும் விமரிசனத்துக்குத் தப்பவில்லை. கம்பராமாயணத்தில் தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதைப் புலவர் பலர் ஏற்கவில்லை. நெல்லை மாவட்டத்தில் பிறந்து தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை, ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கியே பாடத்தை முடிவு செய்ய வேண்டும் என்ற நெறியில் உழைத்தவர். ரசனை ஒரு நூலுக்குள் நுழைய உதவும், நூலில் எது மூலம் என்று முடிவு செய்யச் சான்று வேண்டும் என்பதை இவ்விருவர் பணிகளையும் அருகருகே வைத்தால் அறியலாம்.

நாங்குநேரியைச் சேர்ந்த நா. வானமாமலை 1967இல் பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். உறுப்பினர்கள் கட்டுரை படிக்க, மற்றவர்கள் அதைக் கேள்விகளால் துளைத்தெடுப்பது அக்குழுவின் முறை. 'ஆராய்ச்சி' என்ற இதழும் அதன் வழி வெளிவந்தது. ஐவர் ராசாக்கள் கதை, கான்சாகிபு சண்டை உள்ளிட்ட கதைப்பாடல்களை அவர் பதிப்பித்தார். மன்னர்களின் கல்வெட்டில் இடம்பெறாத மக்களின் சரித்திரம் பாடல்களில் உள்ளது என்று எடுத்துக்காட்டினார். வட்டத்தொட்டி ரசிப்பதற்குக் கூடியது, ஆய்வுக்குழு ஐயுறுவதற்குக் கூடியது. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரமும் நாற்பது ஆண்டுகளுமே இடைவெளி.

டி.கே.சி.யோடு பழகிய கி. ராஜநாராயணன் மற்றொரு வழியைக் காட்டினார். பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் இடைசெவலைச் சேர்ந்த அவர், 1976இல் 'கோபல்ல கிராமம்' நாவலை வெளியிட்டார். அதில் அரண்மனையும் போர்க்களமும் முதன்மை பெறவில்லை. தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்து கரிசலில் குடியேறிய குடும்பங்களின் கதையை மங்கத்தாயாரு என்ற மூதாட்டி சொல்லக் கேட்கிறோம். வில்லுப்பாட்டுக் காலத்தின் கேட்டுப் பகிரும் முறை இந்நாவலில் எழுத்தாகத் திரும்பியது. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

நூலகமும் மலிவுப் பதிப்பும் திரையும்

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டு, 1950இல் நடைமுறைக்கு வந்தது. இதன் பயனாக மாவட்டந்தோறும் நூலக ஆணைக் குழுக்களும், ஊர்தோறும் கிளை நூலகங்களும் ஏற்பட்டன. இதழ் வாங்க இயலாதவருக்கும் சரித்திர நாவல் கிடைத்தது. ஐந்து பாகமுள்ள நாவலில் மூன்றாம் பாகம் மட்டும் இரவல் போயிருக்க, அதை எடுத்துச் சென்றவர் யார் என்று விசாரித்து வீடு தேடிப் போன அனுபவம் நூலக வாசகர் பலருக்கும் உண்டு. அப்படித் தேடிப் போன இடத்தில் புதிய நட்புகளும் முளைத்தன.

1990களின் இறுதியில் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்புகளை வெளியிட்டன. மதுரைத் திட்டத்தின் வழி மின்னூலாகவும் அவை கிடைத்தன. மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரு பாகங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளிவந்தபோது, நாவல் மீண்டும் இளைஞர் கைக்கு வந்தது.

நூலுக்குப் பஞ்சமில்லாத காலம் இது. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் முழு நாவலும் இருக்கிறது. இரவல் கேட்க வேண்டிய தேவை குறைந்ததால், இரவலோடு வந்த பேச்சும் குறைந்தது. கேள்வி கேட்பவர் அருகில் இல்லாதபோது கற்பனை எளிதில் வரலாறாகிவிடுகிறது. நந்தினி உண்மையில் வாழ்ந்தவர் என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். திரைப்படக் காட்சியைச் சான்றாகக் காட்டி வாதிடுவோரும் உள்ளனர். இது கல்கியின் குறையன்று. எது கற்பனை என்பதை அவர் மறைக்கவில்லை. சேர்ந்து படித்துச் சலித்தெடுக்கும் பழக்கம் குறைந்ததே காரணம்.

இன்றைய வாசகர்க்கு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வரலாறு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் அகழ்ந்தார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அருகிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. இம்மக்களைப் பற்றி மன்னர் பெயரோ கல்வெட்டோ இல்லை. நாளை ஒருவர் அவர்களைப் பற்றி நாவல் எழுதினால், எங்கே சான்று முடிகிறது, எங்கே கற்பனை தொடங்குகிறது என்று பிரித்தறியும் வாசகர்கள் அவருக்குத் தேவை.

அத்தகைய வாசகர்களை உருவாக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பள்ளியிலோ கிளை நூலகத்திலோ ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை கூடினால் போதும். ஒவ்வொருவரும் அப்போது படித்துக்கொண்டிருக்கும் சரித்திர நாவலைப் பற்றிச் சில நிமிடம் பேசலாம். பிடித்த ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கலாம். அதில் வரும் ஒரு மாந்தருக்கோ நிகழ்ச்சிக்கோ என்ன சான்று உண்டு என்பதை அடுத்த கூட்டத்துக்குள் ஒருவர் தேடி வரலாம். ஆண்டுக்கு ஒருமுறை திருவாலீசுவரத்துக்கோ கொற்கைக்கோ சேர்ந்து போய் வரலாம்.

டி.கே.சி.யின் முற்றத்தில் கவிதையைச் சுவைக்கக் கற்றனர். நீலகண்ட சாஸ்திரியின் நூல்களில் சான்றை மதிக்கக் கற்றனர். வானமாமலையின் குழுவில் கேள்வி கேட்கக் கற்றனர். சரித்திர நாவல் வாசகருக்கு இம்மூன்றும் வேண்டும். மூன்றையும் தந்த ஆற்றங்கரை நெல்லையினுடையது. கையில் இருக்கும் நாவலை அடுத்தவரிடம் கொடுத்து, 'படித்துவிட்டுச் சொல்லுங்கள், பேசலாம்' என்று கேட்பதில் அந்த மரபு தொடரும்.